குறுகிய கால்வாயில் ஒரு ‘நீங்க போங்க’

எதிரே வந்த மீன்பிடிப் படகு ஐந்து முறை ஹார்ன் அடித்தது. குட்டை குட்டையாக, வேகமாக, ஐந்து.

எங்கள் படகு அப்போது கால்வாயின் குறுக்கே நின்றுகொண்டிருந்தது. நின்றது என்பதுகூடத் தவறு. தண்ணீர் அதைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போனது. படகின் மூக்கு ஒரு கரைச் சுவரைப் பார்த்தது, பின்பக்கம் எதிர்க் கரைச் சுவரைப் பார்த்தது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த என் கணவர் செந்தில், கல்யாண மண்டப வாசலில் வரவேற்பவரைப் போல வலது கையை நீட்டி, “நீங்க போங்க, நீங்க போங்க” என்று எதிர்ப் படகுக்கு வழிகாட்டிக்கொண்டிருந்தார்.

போவதற்கு அங்கே வழி இல்லை. வழி முழுக்க நாங்கள்தான் இருந்தோம்.

முன்னால் உட்கார்ந்திருந்த எங்கள் மகள் யாழினி, “ஓ மை காட், அப்பா!” என்று இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். என் கையில், அமுக்கினால் அலறுகிற ஹார்ன் டப்பா இருந்தது. அதை அமுக்குவதா வேண்டாமா, அமுக்கினால் எத்தனை முறை என்று ஒன்றும் ஓடவில்லை. அந்த நேரத்தில் போய், திங்கட்கிழமைக்குள் சான் ஹோசே வேலைக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்ற நினைப்பு வந்தது. மனுஷ மூளையைப் போல நேரங்கெட்டது வேறு எதுவும் இல்லை.

உன் இஷ்டம் அம்மணி

அந்தப் பதிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்தக் கால்வாய் உங்களுக்குப் புரியாது.

நாங்கள் நியூ ஜெர்சியில், பிளெய்ன்ஸ்பரோவில் இருந்தோம். நான் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை பார்த்தேன். யாழினி ஹைஸ்கூல் கடைசி வருஷத்தில் அடியெடுத்து வைக்கவிருந்தாள். அப்போது நாட்டின் மறுகோடியில் இருக்கிற சான் ஹோசேவிலிருந்து ஒரு கம்பெனி என்னைக் கூப்பிட்டது. ஒரு குழுவுக்கே தலைமை. என் வயதில் அப்படிக் கூப்பிடுவது ஒரு முறைதான் நடக்கும். எனக்கு ஆசையாக இருந்தது. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. செந்திலிடம், “என்னங்க, போலாமா வேணாமா?” என்று மட்டும் கேட்டேன்.

“உன் இஷ்டம் அம்மணி” என்றார்.

செந்தில் கோயம்புத்தூர்ப் பக்கம். அந்தப் பக்கத்துக்காரர்கள் அடிப்பதாக இருந்தாலும் “ஏனுங்க, உங்களை அடிக்கோணுங்க” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுத்தான் அடிப்பார்கள் என்று ஒரு கேலி உண்டு. கல்யாணமான புதிதில் நானும் சிரித்திருக்கிறேன். அந்த மரியாதையோடு ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தினால்தான் அதன் அருமை தெரியும். தட்டில் கடைசியாக ஒரு வடை இருந்தால் எங்கள் வீட்டில் அது அப்படியே காய்ந்து போகும். “நீ எடுத்துக்கோ” என்று அவர் சொல்வார். “பரவால்ல, நீங்க எடுத்துக்கோங்க” என்று நான் சொல்வேன். மறுநாள் காலையில் அது குப்பைக்குப் போகும்.

நான் மெட்ராஸ். புரசைவாக்கம். எங்கள் வீட்டில் கடைசி வடையை யாராவது ஒருவர் வாயில் போட்டுக்கொண்டுதான் “யாருக்காவது வேணுமா?” என்றே கேட்பார்கள். அங்கே வளர்ந்தவள், இவரோடு சேர்ந்து நானும் இப்படி ஆகிவிட்டேன். பன்றியோடு சேர்ந்த கன்றுக்குட்டி என்று சொல்லலாம்தான். ஆனால் நான் எழுதுகிற இந்தத் தொடரைப் படிப்பதே இல்லை என்று சொல்லிக்கொண்டு வாராவாரம் படிக்கிற ஒருவர் வீட்டில் இருக்கிறார். அதனால் சொல்லவில்லை.

மூன்று வாரமாக அதே கேள்வி, அதே பதில். “உங்களுக்கு ஓகேவா?” “உனக்கு ஓகேன்னா ஓகே.” “யாழினி ஸ்கூல்?” “பார்த்துக்கலாம்.” அவருக்குப் பிடித்திருக்கிறதா, உள்ளுக்குள் கசக்கிறதா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முயன்றேன். அந்த முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. நான் மதில்மேல் பூனையாக உட்கார்ந்திருந்தேன். மதிலும் அவர்தானோ என்று சந்தேகமாக இருந்தது.

சவுண்ட் ஹார்ன்

இந்த இடத்தில் ஹார்னைப் பற்றி ஒரு வார்த்தை.

நம் ஊரில் லாரிக்குப் பின்னாலேயே ‘சவுண்ட் ஹார்ன்’ என்று எழுதி, அடி அடி என்று கெஞ்சுவார்கள். மெட்ராஸில் நான் ஸ்கூட்டி ஓட்டிய நாட்களில் என் கட்டைவிரல் ஹார்னை விட்டு விலகியதே இல்லை. வருகிறேன், திரும்புகிறேன், உன் பின்னால்தான் இருக்கிறேன், நீ ஏன் இருக்கிறாய், எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

அமெரிக்காவில் ஹார்ன் என்பது கெட்ட வார்த்தை. ரூட் ஒன் நெடுஞ்சாலையில் யாராவது நம்மைப் பார்த்து அடித்தால் அன்று முழுக்க மனசு சரியிருக்காது. செந்தில் இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து ஹார்னைத் தொட்டதே இல்லை. பின்னால் யாராவது அடித்தால், யாரை அடித்தார்கள் என்று பார்க்காமலேயே கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்பார்.

நாங்கள் போகிற இந்திய மளிகைக் கடைக்குப் பக்கத்தில் நாலு பக்கமும் ஸ்டாப் போர்டு வைத்த ஒரு சந்திப்பு இருந்தது. முதலில் வந்தவர் முதலில் போக வேண்டும், அவ்வளவுதான் சட்டம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கே போய்ப் பாருங்கள். நாலு கார், நாலிலும் நம்மவர்கள், நாலு கையும் கண்ணாடிக்குப் பின்னால் “நீங்க போங்க” என்று ஆடிக்கொண்டிருக்கும். பிறகு நாலு பேரும் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள். உடனே நாலு பேரும் பிரேக் போடுவார்கள். மறுபடியும் கைகள் ஆடும். செந்தில் அங்கே கொத்தமல்லி வாடும்வரை நின்றிருக்கிறார்.

ஆக, வீட்டில் ஒருவருக்கு ஹார்ன் என்றால் பேச்சு. இன்னொருவருக்கு ஹார்ன் என்றால் வசை. இந்த இரண்டு பேரும் சேர்ந்து ஒரு படகு வாங்கினால் என்ன ஆகும்?

விட்டுக்கொடுத்தவர் கெட்டுப்போவதில்லை

படகு செந்திலின் ஆசை. என்னிடம் ஆசை என்று சொல்லவில்லை. “ஒரு பழைய படகு சல்லிசா வருது, உனக்கு வேணும்னா பாக்கலாம்” என்றார். எனக்கு எதற்குப் படகு? ஆனால் அவர் கண் அப்போது மின்னியதைப் பார்த்தேன். “எனக்கு வேணும்” என்றேன். இப்படித்தான் எங்களுக்குள் காரியங்கள் நடந்தன.

நியூ ஜெர்சியில் படகு ஓட்ட வகுப்புக்குப் போய்ப் பரீட்சை எழுத வேண்டும். ஒரு சனிக்கிழமை இருவரும் போனோம். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்த ஓர் அம்மாள் வகுப்பு எடுத்தார். தண்ணீரில் யாருக்கு வழி, யார் ஒதுங்க வேண்டும் என்பதுதான் பாதி வகுப்பு.

குறுகிய கால்வாயில் எல்லோரும் அவரவர் வலது ஓரமாகப் போக வேண்டும். அது சரி. இரண்டு படகுகள் குறுக்கே சந்தித்தால், யாருக்கு வலப்பக்கம் இன்னொரு படகு தெரிகிறதோ அவர் ஒதுங்க வேண்டும். அதுவும் சரி. அதற்கு அப்புறம் அந்த அம்மாள் சொன்னதுதான் எங்களைக் குழப்பியது. வழி யாருடையதோ, அவர் தன் திசையையும் வேகத்தையும் மாற்றக் கூடாதாம். மரியாதைக்காகக்கூடச் சட்டென்று நிற்கக் கூடாதாம். மோதிவிடும் என்கிற நிலை வந்தால்தான் அவர் அசையலாம்.

எங்கள் கல்யாணத்தில் வாழ்த்திப் பேசிய அத்தனை பேரும் ‘விட்டுக்கொடுத்தவர் கெட்டுப்போவதில்லை’ என்று சொன்னார்கள். வாழ்த்து மடலிலும் அச்சடித்திருந்தது. அதை நம்பி இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறோம். இந்த அம்மாள் வேறு மாதிரிச் சொல்கிறாரே!

செந்தில் கையைத் தூக்கினார். “மேடம், ரெண்டு பேருமே வழி விட நினைச்சா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அந்த அம்மாளுக்குக் கேள்வியே புரியவில்லை. “எதற்காக அப்படிச் செய்வார்கள்?” என்றார்.

வகுப்பில் யாரோ சிரித்தார்கள். செந்தில் கையை இறக்கிக்கொண்டார்.

பிறகு ஒலிக் குறிப்புகள். குட்டையாக ஒன்று அடித்தால், ‘உங்களை என் இடது பக்கம் விட்டுக் கடக்கப் போகிறேன், சம்மதமா?’ சம்மதமென்றால் எதிராளியும் அதே ஒன்றைத் திருப்பி அடிக்க வேண்டும். இரண்டு என்றால் வலது பக்கம். மூன்று என்றால் என் எஞ்சின் பின்னோக்கி ஓடுகிறது. கண்ணுக்குத் தெரியாத வளைவு என்றால் நீளமாக ஒன்று. ஐந்து அடித்தால், ‘நீ என்ன செய்யப் போகிறாய் என்று எனக்குப் புரியவில்லை, ஆபத்து’ என்று பொருள்.

அத்தனையும் மனப்பாடம் செய்து பரீட்சையில் பாஸ் செய்தோம். மனப்பாடம் செய்து பாஸ் செய்வதில் நம்மை யார் மிஞ்ச முடியும்? தண்ணீரில் இறங்கியதும் எல்லாம் மறந்துபோனது.

மறுபடியும் கால்வாய்

திங்கட்கிழமைக்கு முந்தைய சனிக்கிழமை அது. வீட்டில் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் படகை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். பாயின்ட் பிளெசன்ட் பக்கம் ஆற்றையும் விரிகுடாவையும் சேர்க்கிற ஒரு கால்வாய் இருக்கிறது. இரண்டு பக்கமும் நேரான சுவர். கடல் ஏறும்போதும் இறங்கும்போதும் உள்ளே தண்ணீர் பிய்த்துக்கொண்டு ஓடும். அன்று எங்கள் முதுகுப் பக்கமிருந்து ஓடியது.

செந்தில் வலது சுவரை ஒட்டி ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தார். டீசல் வாடை, மீன் வாடை, எங்கள் பையிலிருந்து புளியோதரை வாடை. முன்னால் தெரிந்த பாலத்துக்கு அப்பாலிருந்து அந்த மீன்பிடிப் படகு வந்தது. எங்களைப் போல நாலு மடங்கு இருக்கும். தூரத்திலேயே குட்டையாக ஒரு ஹார்ன் அடித்தது.

ஒன்று. இடது பக்கம். சம்மதம் சொல்ல வேண்டும். எனக்கு நினைவு வந்துவிட்டது. ஆனாலும் கேட்டேன்.

“என்னங்க, ஒண்ணு திருப்பி அடிக்கட்டுமா?”

“உன் இஷ்டம் அம்மணி” என்றார்.

அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. அவருக்கு அது பிடிக்காதோ என்று கை தயங்கியது. அவருக்கோ, ஹார்ன் கேட்டவுடனே தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாகத் தோன்றிவிட்டது. கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்டார். பெரிய படகு முதலில் போகட்டும் என்று எஞ்சின் வேகத்தை முழுக்கக் குறைத்தார்.

காரில் வேகத்தைக் குறைத்தால் கார் நிற்கும். ஓடுகிற தண்ணீரில் வேகத்தைக் குறைத்தால் படகு ஸ்டியரிங்குக்குக் கட்டுப்படாது. தண்ணீர் எங்கள் பின்பக்கத்தைத் தள்ளியது. படகு மெல்லத் திரும்பி, கதவுக்குத் தாழ்ப்பாள் போட்ட மாதிரி, கால்வாய்க்குக் குறுக்கே வந்து நின்றது. அப்போதுதான் அந்த ஐந்து ஹார்ன்.

எனக்குள் இருந்த புரசைவாக்கம் விழித்துக்கொண்டது. திட்டுகிறானே என்று ரத்தம் கொதித்தது. ஹார்ன் டப்பாவைத் தூக்கிப் பிடித்து, எத்தனை என்று கணக்கில்லாமல் அமுக்கினேன். மெட்ராஸில் ஆட்டோவை விரட்டுகிற மாதிரி.

“அம்மா, ஸ்டாப்! யூ ஆர் நாட் ஹெல்ப்பிங்!” என்று யாழினி கத்தினாள்.

எதிர்ப் படகு மூன்று அடித்தது. அதன் பின்னால் தண்ணீர் கொப்பளித்தது. அவ்வளவு பெரிய படகு எங்களுக்காகத் தன்னைத் தானே பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தது. அதன் முன்பக்கத் துரு எனக்கு நன்றாகத் தெரிந்தது. அப்போதுதான் பயந்தேன். முன்னால் யாழினி இருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

“செந்தில்! ஸ்பீட் குடுங்க! ரைட்ல திருப்புங்க!”

அவரைப் பெயர் சொல்லி நான் அதட்டியது அதுதான் முதல் முறை. அவர் கை தானாக வேகத்தைக் கூட்டியது. மூக்கு திரும்பியது. வலது சுவரில் ஒரு இடி இடித்து, உரசி, நேராகி, அந்தப் படகை இடது பக்கம் விட்டுக் கடந்தோம். அதன் கேப்டன் மேலிருந்து குனிந்து எங்களைப் பார்த்தார். கோபத்தைவிடத் திகைப்புதான் அதிகம் இருந்தது.

“ஏதாவது ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள்! எந்தப் பக்கமானாலும் சரி!” என்று ஆங்கிலத்தில் கத்திவிட்டுப் போனார்.

செந்தில் அவருக்கும் கையைத் தூக்கி நன்றி சொன்னார்.

கடைசி வடை

படகைத் துறையில் கொண்டுபோய்க் கட்டினோம். யாழினி, “ஐ நீட் அ மினிட்” என்று போனை எடுத்துக்கொண்டு கடைப் பக்கம் போய்விட்டாள். நாங்கள் இருவரும் பலகையில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தோம். புளியோதரை இறங்கவில்லை. மசால் வடையை மட்டும் கொறித்தோம். கடைசியில் ஒன்று மிஞ்சியது.

“நீ எடுத்துக்கோ” என்றார் செந்தில்.

எனக்கு என்ன வந்தது என்று தெரியாது. பக்கத்தில் கிடந்த ஹார்ன் டப்பாவை எடுத்து அவர் முகத்துக்கு நேராக அமுக்கினேன். இந்த முறை எண்ணித்தான் அமுக்கினேன். குட்டை குட்டையாக ஐந்து. கடற்பறவைகள் எல்லாம் எழுந்து பறந்தன. பக்கத்துப் படகில் ஒருவர் கையிலிருந்த காப்பியைக் கொட்டிக்கொண்டார்.

“என்ன அம்மணி, காதே போச்சு!”

“அஞ்சு அடிச்சா என்ன அர்த்தம், சொல்லுங்க.”

அவர் காதைத் தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்தார். “நீ என்ன பண்ணப் போறேன்னு எனக்குப் புரியல.”

“புரியலைங்க. மூணு வாரமா புரியல. சான் ஹோசே விஷயத்துல உங்க மனசுல என்ன இருக்கு? என் இஷ்டம்னு சொன்னீங்க, இதை மறுபடியும் அடிப்பேன்.”

ஹார்ன் டப்பாவை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார். பிறகு, “எனக்கு அங்க வர இஷ்டமில்லீங்க” என்றார்.

என்னிடம் அவர் ‘ங்க’ போட்டால் அது நிஜம். எனக்குச் சுருக்கென்றது. மூன்று வாரமாகக் கேட்டு வாங்கிய பதில்தான். இருந்தும் வலித்தது.

“என்ற வேலை இங்கிருக்குது. யாழினி இன்னும் ஒரு வருஷம் படிக்கோணும். இந்தப் படகு இருக்குது” என்றார். “அதைச் சொன்னா நீ அந்த வேலையை வேண்டாம்னு சொல்லிப்போடுவே. அப்புறம் வாழ்க்கை பூரா அந்த மூஞ்சியை நான் பாக்கோணும். அதுக்குப் பயந்துதான் சொல்லல.”

“எனக்குப் போகணும்” என்றேன்.

என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் எத்தனையோ கேட்டிருக்கிறேன். எனக்காக இது வேண்டும் என்று ஒன்றைச் சொன்னதே இல்லை. சொன்னதும் அழுகை வந்தது. எதற்கு என்று இன்றும் தெரியாது.

“அப்பப் போ” என்றார். “வேகத்தை மட்டும் கொறைக்காத அம்மணி. எனக்காகப் பாத்துப் பாத்து நீ நடுவுல நின்னா நான்தான் குழம்பீருவேன். யாழினி ஸ்கூல் முடியட்டும். நான் ஒதுங்கி, பின்னால வர்றேன்.”

“இஷ்டமில்லாமயா?”

“இஷ்டமில்லைதான். வர்றேனும்தான். ரெண்டும் நெசம்.”

இந்த இரண்டும் எப்படி ஒன்றாக நிஜமாக இருக்கும் என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் என்ன புரியவில்லை என்பதாவது புரிந்தது. கடைசி வடையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். அவர் கொஞ்சம் அதிர்ச்சியாகத்தான் பார்த்தார்.

திரும்பி வந்த யாழினியிடம் சொன்னோம். “சோ யூ கைஸ் ஃபைனலி டாக்ட்?” என்றாள். பிறகு என் தோளில் சாய்ந்துகொண்டு, எவ்வளவு நாளைக்கு ஒருமுறை வருவேன் என்று தமிழில் கேட்டாள். அவள் தமிழில் கேட்டால் அதுவும் நிஜம்தான்.

விமான நிலைய வாசல்

கோடை முடிகிற சமயம் நான் கிளம்பினேன். நியூவார்க் விமான நிலைய வாசலில் காரை ஓரம் கட்டினார் செந்தில். அங்கே நிற்க விடமாட்டார்கள். மஞ்சள் சட்டை போட்ட ஒருவர் எடு எடு என்று கை காட்டிக்கொண்டே இருந்தார். செந்தில் பெட்டியை இறக்கி வைத்தார். “மாத்திரை எடுத்துக்கிட்டியா?” என்றார். யாழினி இறங்கிக் கட்டிக்கொண்டுவிட்டு மறுபடி முன் இருக்கையில் ஏறிக்கொண்டாள். அவர் கட்டிக்கொள்கிற ஆள் இல்லை. காரில் போய் உட்கார்ந்துகொண்டார்.

நடைபாதையில் பெட்டியோடு நின்றேன். இப்போதாவது வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. கால் ஓர் அடி காரை நோக்கி நகர்ந்தும்விட்டது. அவர் கண்ணாடி வழியாக அதைப் பார்த்துவிட்டார்.

கார் நகர ஆரம்பித்தது. அப்போது, இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து ஹார்னைத் தொடாத அந்த மனிதர், அத்தனை கார்களுக்கு நடுவே, குட்டையாக ஒன்று அடித்தார்.

மஞ்சள் சட்டைக்காரர் முறைத்தார். பின்னால் நின்ற டாக்ஸி எரிச்சலில் பதிலுக்கு அடித்தது. முன் இருக்கையில் யாழினி வெட்கத்தில் கீழே சரிந்தாள்.

ஒன்று என்றால், ‘உன்னை என் இடது பக்கம் விட்டுப் போகிறேன்.’ நானோ அவருக்கு வலது பக்கம் நின்றிருந்தேன். விதிப்படி இரண்டு அடித்திருக்க வேண்டும். பரீட்சை வைத்திருந்தால் ஃபெயில். ஆனால் எனக்குச் சம்மதம் என்றால் அதே ஒலியைத் திருப்பித் தர வேண்டும் என்பது மட்டும் அந்த நேரத்தில் நினைவிருந்தது.

கையில் ஹார்ன் இல்லை. அத்தனை பேருக்கு நடுவே நின்று, வாயாலேயே “பீப்” என்றேன்.